நடுகல் நின்ற காடும் நந்தம்பாக்கத்துத் தோட்டமும்

அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் என்னடா தெரியும் என்று கல்லூரி நண்பர்கள் கேட்பார்கள். "சீமைக்கருவேலம், அதைத் தாண்டினால் சீமைக்கருவேலம், நடுவில் ஒரு கரிமூட்டம்" என்பேன். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் அந்த முள்காட்டுக்கு நடுவே அங்கங்கே திட்டுத் திட்டாக வேறொரு பச்சை தெரியும். கண்மாய்க்கரை ஓரத்திலோ கரிசல் காட்டின் மூலையிலோ வேம்பும் உடையும் ஆலும் வன்னியும் கூடி நிற்கிற சின்னக் காடு. உள்ளே ஐயனாரோ கருப்பசாமியோ இருப்பார். கோயில்காடு என்று சொல்லுவோம். மழையே இல்லாத வருஷத்தில்கூட அடுப்புக்கு என்று அங்கே ஒரு சுள்ளி ஒடிக்க மாட்டார்கள்.

இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட ஒரு கோயில்காட்டையும், சென்னை நந்தம்பாக்கத்தில் இருக்கிற போர்க் கல்லறைத் தோட்டத்தையும் பற்றியது. ஒன்று எங்கள் ஊர்க்காரர்கள் உண்டாக்கியது, மற்றது வெள்ளைக்காரர்கள் உண்டாக்கியது. இரண்டுமே போரில் இறந்தவர்களுக்கு மரநிழலில் கல் நட்ட இடங்கள். இந்த இரண்டு இடத்திலும் இல்லாத ஒருவரை நான் தேடிக்கொண்டு போனேன். அப்போது தெரிந்துகொண்டவைதான் இவை.

பட்டவர் கல்

எங்கள் குலசாமி கோயில் திருச்சுழிக்குப் பக்கத்தில், குண்டாற்றை விட்டுக் கொஞ்சம் தள்ளி ஒரு கோயில்காட்டுக்குள் இருக்கிறது. வருஷத்தில் ஒரு நாள், மகா சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் கூடிப் போவோம். சாமி கும்பிட்டு முடித்த பிறகு அப்பத்தா மட்டும் ஒரு தேங்காயும் கொஞ்சம் எண்ணெய்யும் எடுத்துக்கொண்டு காட்டின் மேற்கு ஓரத்துக்குப் போகும். அங்கே ஒரு உடைமரத்தடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகைக்கல் நிற்கிறது. வாளை ஓங்கியபடி ஒரு ஆள், பக்கவாட்டில் கொண்டை. அவருக்குப் பக்கத்தில் ஒரு கையைத் தூக்கியபடி ஒரு பெண். எண்ணெய்யும் மஞ்சளும் பூசிப் பூசி இருவர் முகமும் தேய்ந்துவிட்டது. எழுத்து ஒன்றும் கிடையாது.

சின்ன வயதில் இது யார் என்று கேட்டேன். "அவரு பட்டவருய்யா. சண்டையில பட்டவரு" என்றது அப்பத்தா.

பட்டவர் என்றால் என்ன என்று எனக்கு அப்போது புரியவில்லை. பின்னால் கல்லூரியில் கல்வெட்டு பற்றிப் படித்தபோதுதான் தெரிந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய நடுகல் கல்வெட்டுகளில் சண்டையில் செத்தவனைக் குறிக்கிற சொல் 'பட்டான்' என்பதுதான். மாடு மீட்டுப் பட்டான், புலி குத்திப் பட்டான் என்றெல்லாம் வரும். பள்ளிக்கூடமே போகாத எங்கள் அப்பத்தா வாயில் கல்வெட்டுத் தமிழ்!

திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரங்களில் இப்படிப்பட்ட வீரன் கற்கள் நிறைய இருக்கின்றன. பக்கத்தில் பெண் உருவமும் இருந்தால், கணவன் இறந்ததும் தீயில் இறங்கிய மனைவிக்கும் சேர்த்து எடுத்த கல் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மாலையீடு, தீப்பாஞ்ச அம்மன் என்று ஊருக்கு ஊர் ஒரு பெயர். அந்தப் பெண்ணும் அதே சண்டையில் இறந்தவர்தான், களத்துக்குப் போகாமலே.

நாய்க்கும் பெயர்

நடுகல் வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு நல்ல சாட்சி எங்கள் பக்கத்திலேயே, வைகைக் கரையில் இருக்கிறது. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் உள்ள புலிமான்கோம்பையில் 2006-ல் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய காலத்தவை. அதில் ஒன்று கூடலூரில் நடந்த ஒரு மாடுபிடி சண்டையில் செத்த தீயன் அந்தவன் என்பவனுடைய கல். ஊர் என்ன, எதற்காக நடந்த சண்டை, செத்தது யார் என்று மூன்று விஷயமும் அந்தச் சின்ன வாசகத்தில் இருக்கிறது. அவன் ராஜாவும் இல்லை, தளபதியும் இல்லை.

தொல்காப்பியம் புறத்திணையியல் இந்தக் கல் எடுப்பதை ஆறு படிகளாகச் சொல்கிறது. கல்லைத் தேடிக் காண்பது, அதை எடுத்துக் கால்கொள்வது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது. ஆறில் நாலு படி கல்லைப் பற்றியது. கடைசி இரண்டும் இருக்கிறவர்கள் செய்ய வேண்டிய வேலை. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். சங்கப் பாட்டுகளிலும் இந்தக் கற்கள் வருகின்றன. ஆள் நடமாட்டம் இல்லாத பாலைவழியில் நின்றுகொண்டிருக்கும், மயில் பீலி சூட்டியிருப்பார்கள், கள் படைப்பார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த நடுகல் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலம், அதாவது 7ஆம் நூற்றாண்டு. மாடுகளை மீட்கப் போன கருந்தேவக்கத்தி என்பவன் செத்ததைச் சொல்லுகிற கல். கல்லில் அவனோடு ஒரு நாயும் நிற்கிறது. கள்ளர்கள் இரண்டு பேரைக் கடித்துக் காவல் நின்ற நாய். அதன் பெயர் கோவிவன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்!

யோசித்துப் பாருங்கள். 1,400 வருஷத்துக்கு முன்னால் ஒரு ஊர்ச் சண்டையில் நின்ற நாயின் பெயர் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது.

இதைச் சொல்லி நம் ஆட்கள் எல்லோரையும் மறக்காமல் வைத்திருந்தார்கள் என்று பெருமைப்பட்டுவிட முடியாது. எங்கள் பக்கத்து நரிக்குடி முக்குளத்தில் பிறந்தவர்கள் மருது சகோதரர்கள். 1801-ல் கம்பெனிப் படையோடு நடந்த சண்டையில் அவர்களுக்குப் பெரிய அரணாக இருந்தது காளையார்கோயில் காடு. கர்னல் அக்னியூவின் படை அந்தக் காட்டை வெட்டி வழி உண்டாக்க ஆகஸ்ட் மாதம் பூராவும் பாடுபட்டு, முடியாமல் திரும்பியது. மறுபடி பல பக்கமாக வந்து அக்டோபர் 1-ல் காளையார்கோயிலைப் பிடித்தார்கள். அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கில் போட்டார்கள். தலைவர்களுக்கு இன்று சிலை, சமாதி, குருபூஜை எல்லாம் உண்டு. அந்தக் காட்டுக்குள் மரத்துக்கு மரம் நின்று செத்த சாதாரண ஆட்கள்? பெயர் தெரிந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். காடும் போய்விட்டது.

பட்டாளத்துக்குப் போன மாமா

இப்போது நான் தேடிய ஆளுக்கு வருகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிவராத்திரியன்று அந்தக் கல்லுக்கு எண்ணெய் பூசிக்கொண்டே அப்பத்தா சொன்னது: "எங்க மாமனும் பட்டவருதேன். பட்டாளத்துல போயிப் பட்டாரு. அவருக்குத்தேன் கல்லு இல்லாமப் போச்சு."

அப்பத்தாவின் அம்மா கூடப் பிறந்த தம்பி அவர். அப்பத்தா கைக்குழந்தையாக இருந்தபோது பட்டாளத்துக்குப் போனவர். "பர்மாவுல செத்தாருன்னு காயிதம் வந்துச்சாம். எங்க ஆத்தா சாகுற வரைக்கும் இந்தக் கல்லுக்கு முன்னால நின்னுதேன் அழும். அழுகுறதுக்கு ஒரு எடம் வேணும்ல?" என்றது.

அந்தக் கடைசிக் கேள்வி என்னை என்னவோ செய்துவிட்டது.

எங்கள் பக்கத்து ஆட்கள் ஏன் பட்டாளத்துக்குப் போனார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் கம்பும் குதிரைவாலியும், அதுவும் இல்லாவிட்டால் ஊரை விட்டுப் போக வேண்டும். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கப்பல் ஏறியவர்கள் போக, மற்றவர்களுக்குப் பட்டாளம் ஒரு வழி. மாதாமாதம் சம்பளம் வரும்.

ஆனால் அந்த வழியும் எல்லாக் காலத்திலும் திறந்திருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளுக்கு ஒரு கொள்கை வந்தது. சில இனங்கள்தான் போருக்குப் பிறந்தவை, தென்னாட்டார் அதற்கு லாயக்கில்லை என்பது. கம்பெனிக்கு இந்தியாவைப் பிடித்துக் கொடுத்ததில் பெரிய பங்கு மதராஸ் படைக்கு உண்டு. அந்தப் படையின் காலாட்படைப் பிரிவுகளை ஒவ்வொன்றாகக் குறைத்து, 1920களில் ஏறக்குறைய இல்லாமலே செய்துவிட்டார்கள். இரண்டாம் உலகப்போர் வந்து ஆள் பற்றாக்குறை ஆனதும் அந்தக் கொள்கை எங்கே போனது என்று தெரியவில்லை! 1941-ல் மதராஸ் ரெஜிமென்டை மறுபடி உண்டாக்கினார்கள். சாலை போட, பாலம் கட்ட, மூட்டை சுமக்க, வண்டி ஓட்ட என்று ஆயிரக்கணக்கில் மதராஸ் மாகாணத்து ஆட்களைச் சேர்த்தார்கள். 25 லட்சம் பேர் இருந்த இந்திய ராணுவத்தில் சுமார் 87,000 பேர் அந்தப் போரில் இறந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் மாமா.

நந்தம்பாக்கம்

சென்னையில் படிக்கிற எனக்கு அப்பத்தாவின் கேள்வி மனதிலேயே இருந்தது. போரில் இறந்தவர்களின் பெயரெல்லாம் நந்தம்பாக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பன் ஒருவனை இழுத்துக்கொண்டு போனேன். பரங்கிமலையில் இருந்து பூந்தமல்லி போகிற சாலையில் இருக்கிறது. தினமும் அந்த வழியாகப் போகிறவர்களே அது என்ன இடம் என்று கேட்டால் ஏதோ பார்க் என்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கிறது.

வாசலைத் தாண்டியதும் சாலைச் சத்தம் பாதியாகக் குறைந்தது. வெட்டி ஒழுங்கு செய்த புல்தரை. சுற்றிலும் மரங்கள். வரிசை வரிசையாக ஒரே அளவில் கற்கள். கற்களுக்கு நடுவே சின்னச் சின்னப் பூச்செடிகள். இந்தச் செடிகள் வெறும் அழகுக்கு இல்லை, மழை பெய்யும்போது மண் தெறித்துக் கல்லில் உள்ள எழுத்தை மறைக்காமல் இருக்கவும் உதவும் என்று பின்னால் படித்தேன். ஒரு பெயர் மண்ணால் மறையக்கூடாது என்று செடி நட்டிருக்கிறார்கள்!

1952-ல் உண்டாக்கிய இடம் இது. தென்னிந்தியாவிலும் கிழக்கு இந்தியாவிலும் பல ஊர்களின் கல்லறைகளில் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப்போர் வீரர்களை, அங்கே எல்லாம் தொடர்ந்து பராமரிக்க முடியாது என்று இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். மொத்தம் 856 பேர். தோட்டத்தின் பின்பக்கம் முதல் உலகப்போரில் இறந்த 1,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பொறித்த நினைவுச் சுவர் இருக்கிறது.

இதைப் பராமரிப்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1917 மே மாதம், ஃபேபியன் வேர் என்பவரின் முயற்சியால் தொடங்கியது. அப்போது ஏகாதிபத்தியப் போர்க் கல்லறை ஆணையம் என்று பெயர். அதன் கொள்கைகள் உண்மையிலேயே உயர்வானவை. இறந்த ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி ஒரு நினைவு இருக்க வேண்டும், அது நிரந்தரமாக இருக்க வேண்டும், ஒரே மாதிரி இருக்க வேண்டும், பதவி, இனம், மதம் என்ற வித்தியாசம் பார்க்கக் கூடாது. ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே கல். அதற்கு முன்னால் ஐரோப்பியப் போர்களில் சாதாரணச் சிப்பாய்களைப் பெரும்பாலும் மொத்தமாகக் குழியில் போட்டு மூடுவதுதான் வழக்கம்.

நான் ஒவ்வொரு கல்லாகப் படித்துக்கொண்டே போனேன். பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. 20, 22, 19... எல்லாம் என் வயது. சில கற்களின் அடியில் குடும்பத்தார் எழுதச் சொன்ன ஒரு வரி இருக்கிறது. கடல் கடந்து வந்து இந்தக் கல்லைப் பார்க்கப் போவதே இல்லை என்று தெரிந்தும் ஒரு அம்மா எழுதி அனுப்பிய வரியாக இருக்கலாம். என்னோடு வந்த நண்பன் வழக்கமாக ஓயாமல் பேசுகிறவன். அன்று திரும்பி பஸ் ஏறுகிற வரைக்கும் ஒன்றும் பேசவில்லை.

எங்கள் மாமா பெயர் அங்கே இல்லை. இருக்கவும் முடியாது. அவர் செத்தது பர்மாவில்.

எண்ணும் பெயரும்

விடுதிக்கு வந்து அந்த ஆணையத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, காலையில் பார்த்த அழகான தோட்டத்தின் மேல் ஒரு நிழல் விழுந்தது.

ஒவ்வொருவருக்கும் பெயர் என்று கொள்கை வகுத்தவர்கள், எல்லா இடத்திலும் அதைக் காப்பாற்றவில்லை. முதல் உலகப்போரில் இந்தியாவில் இருந்து போனவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் சுமார் 74,000. மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில் இறந்தவர்களுக்காக பாஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் கட்டினார்கள். அதில் பிரிட்டிஷ்காரர் என்றால் சாதாரணச் சிப்பாய்க்கும் பெயர் உண்டு. இந்தியர் என்றால் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். மற்ற இந்தியச் சிப்பாய்களுக்கு, இந்தப் படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும்.

2021 ஏப்ரலில் அந்த ஆணையமே ஒரு குழு அமைத்து ஆராய்ந்த அறிக்கையை வெளியிட்டது. முதல் உலகப்போரில் இறந்த 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரைகூடப் பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை, அல்லது எந்த விதத்திலுமே நினைவுகூரப்படவில்லை. பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள், இந்தியர்கள், எகிப்தியர்கள். ஆணையம் மன்னிப்புக் கேட்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சரும் மன்னிப்புக் கேட்டார். நூறு வருஷம் கழித்து.

இது ஏதோ ஈராக்கில் நடந்த விஷயம் என்று நினைக்க வேண்டாம். வேலூர் லாங் பஜாரில் உள்ள மணிக்கூண்டைப் பாருங்கள். இந்த ஊரில் இருந்து 277 பேர் 1914-1919 பெரும்போருக்குப் போனார்கள், அதில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. இதே மாதிரி வாசகம் உள்ள பலகைகள் இந்தியா முழுக்கப் பல கிராமங்களில் உண்டு. 14 என்று இருக்கிறது. அந்தப் பதினாலு பேர் யார் யார்?

7ஆம் நூற்றாண்டில் எடுத்தனூர்க்காரர்கள் நாய்க்குக்கூடப் பெயர் எழுதினார்கள். அச்சு இயந்திரமும் தந்தியும் சம்பளப் பட்டியலும் வைத்திருந்த ஒரு சாம்ராஜ்யம் மனிதர்களை எண்ணிக்கையாக எழுதியது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போருக்கு இந்த நிலைமை மாறியது. நாகாலாந்தில் கோஹிமா என்ற ஊரில் 1944-ல் பயங்கரமான சண்டை நடந்தது. அந்த மலைச்சரிவையே படிப்படியான தோட்டமாக்கி 1,420 கல்லறைகளை வைத்திருக்கிறார்கள். எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்கு அங்கேயே மேல் தளத்தில் பெயர் பொறித்த நினைவிடம் இருக்கிறது. பர்மாவில் ரங்கூனுக்கு வடக்கே தௌக்யான் என்ற இடத்தில், உடல் கிடைக்காத சுமார் 27,000 பேரின் பெயர்கள் பொறித்த தூண்கள் நிற்கின்றன. அதில் பெரும்பாலோர் இந்தியர்கள்.

அப்படியானால் எங்கள் மாமா பெயர் அந்தத் தூண்களில் இருக்கலாம்!

மரத்துக்கு ஒரு ஆள்

மாமாவைத் தேடிய கதைக்குப் போகும் முன், கல்லே இல்லாமல் மரத்தையே நினைவுச் சின்னமாக்கிய சில இடங்களையும் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் பல்லாரட் என்ற ஊரில் 1917 முதல் 1919 வரை, போருக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஒரு மரம் என்று சாலையின் இரண்டு பக்கமும் நட்டார்கள். 3,700க்கும் மேற்பட்ட மரங்கள், ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தூரத்துக்கு. செத்தவர்களுக்கு மட்டும் என்று இல்லை, போய்விட்டுத் திரும்பி வந்தவர்களுக்கும் மரம் உண்டு. படையில் சேர்ந்த வரிசைப்படி நட்டதால் அதிகாரி, சிப்பாய் என்ற வித்தியாசமும் இல்லை. இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயரில் சரளைக்கல் தோண்டி எடுத்துப் பாழாய்ப் போன நிலத்தில் சுமார் 30,000 மரங்கள் நட்டு, 2001-ல் ஒரு தேசிய நினைவு மரத்தோட்டத்தைத் திறந்தார்கள். அங்கே உள்ள நினைவிடங்களில் ஒன்று சயாம்-பர்மா ரயில்பாதையைப் பற்றியது. அந்தப் பாதையின் நிஜமான தண்டவாளத்தில் ஒரு துண்டையே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

அந்த ரயில்பாதை நமக்கும் சம்பந்தப்பட்டது. 1942-43-ல் ஜப்பானியர் காட்டை வெட்டிப் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. அதில் இறந்த போர்க்கைதிகள் 12,000க்கும் மேல். தாய்லாந்தில் காஞ்சனபுரியில் அவர்களில் ஏறத்தாழ 7,000 பேருக்கு நந்தம்பாக்கம் மாதிரியே பெயர் எழுதிய கற்களோடு தோட்டம் இருக்கிறது. அதே பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் என்று கணக்கிடுகிறார்கள். அதில் மலேயாத் தோட்டங்களில் இருந்து கொண்டுபோன தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியலே கிடையாது. 2020களில் மலேசியத் தமிழர்கள் முயற்சி எடுத்து காஞ்சனபுரியில் உள்ள ஒரு புத்த விகாரை வளாகத்தில் அவர்களுக்காக ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? நடுகல்!

படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. புலிமான்கோம்பையில் கல் நட்டவர்கள் செய்த அதே காரியம், அதே சொல், கடல் தாண்டி.

தேடிக் கிடைத்தது

போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பெயர் போட்டுத் தேடலாம். பல இந்திய வீரர்களின் பதிவில் தகப்பனார் பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் இருக்கும். எங்கள் பகுதியைத் தேடுகிறவர்கள் விருதுநகர் என்று தேடினால் கிடைக்காது. எங்கள் மாவட்டம் பிரிந்தது 1985-ல். அந்தக் காலத்தில் ராமநாதபுரம் ஜில்லா, ஆங்கிலத்தில் ராம்நாட்.

ராம்நாட் என்று வந்த பெயர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். எல்லாமே எங்கள் ஊர்ப் பெயர்கள்! எங்கள் தெருவில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பெயர்கள். ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் தாறுமாறாக எழுதியிருந்தார்கள், வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மாமாவின் பெயர் எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவருக்கு வைக்கிற பெயர். அதே பெயரில் பல பேர் இருந்தார்கள். ஒரு பதிவில் தகப்பனார் பெயர் பொருந்தியது, ஊர் பொருந்தவில்லை. இன்னொன்றில் தகப்பனார் பெயரே இல்லை. பட்டாள நம்பர் தெரிந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்தக் காகிதம் தகரப்பெட்டியில் இருந்ததாம். கறையான் அரித்து எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

தயங்கித் தயங்கி அப்பத்தாவிடம் சொன்னேன். "ரெண்டு மூணு பேரு இருக்காங்க அப்பத்தா. அதுல யாரு நம்ம மாமான்னு தெரியல."

அப்பத்தா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ரெண்டு மூணு பேரா? அவுகளும் யாருக்கோ மாமன், தம்பிதான? அவுகளுக்கும் சேத்துத் தேங்கா ஒடைச்சிருவோம்" என்றது.

இந்த வருஷம் சிவராத்திரிக்கு அப்படித்தான் செய்தோம். பட்டவர் கல்லுக்குப் பக்கத்தில் மாமாவின் பெயரை நான் சத்தமாகச் சொன்னேன். அவருடைய அப்பா பெயரையும் ஊரையும் சேர்த்து. அந்தக் காட்டில் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ! காட்டின் ஓரத்தில் ஒரு வேப்பங்கன்று வைத்திருக்கிறோம். தண்ணீர் ஊற்றுவது சித்தப்பா பொறுப்பு.

இதையெல்லாம் யோசிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரு நினைவுக்கு மூன்று வேண்டும். பெயர், இடம், வந்து போக ஒரு ஆள். நந்தம்பாக்கத்தில் பெயர் இருக்கிறது, இடம் இருக்கிறது. வந்து அழ வேண்டியவர்கள் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்தார்கள். எங்கள் கோயில்காட்டுக் கல்லுக்கு இடம் இருக்கிறது, வருஷம் தவறாமல் எண்ணெய் பூச ஆள் இருக்கிறது, பெயர் தொலைந்துவிட்டது. மாமாவுக்குப் பெயர் மட்டும் இருந்தது, அதுவும் எண்பது வயது தாண்டிய ஒரு கிழவியின் ஞாபகத்தில். தொல்காப்பியம் சொன்ன கடைசி இரண்டு படியை நினைத்துப் பாருங்கள். படைப்பதும் வாழ்த்துவதும் கல்லுடைய வேலை இல்லை, நம்முடைய வேலை.

ஆகவே நண்பர்களே, இரண்டே இரண்டு வேண்டுகோள். சென்னையில் இருப்பவர்கள் ஒரு நாள் நந்தம்பாக்கம் போய் வாருங்கள். சும்மா நடக்க வேண்டாம், நாலு பெயரையாவது நின்று படியுங்கள். அடுத்தது, உங்கள் வீட்டிலும் பட்டாளத்துக்குப் போன தாத்தாவோ மாமாவோ கட்டாயம் இருப்பார். அவர் பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர், எந்தப் படை, இருந்தால் பட்டாள நம்பர், எல்லாவற்றையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.